சரிவில் கிடக்கும் கோட்டை

வரலாற்றுப் பாடத்துக்காகக் கரும்பலகையில் கீறப்பட்ட ரோமர் கோட்டை கரம்போர்ட் மாதிரி இருக்கும்: நான்கு வாசல், குறுக்கும் நெடுக்குமாகத் தெரு, மூலைகள் வளைவு. வட இங்கிலாந்தில், ரோமப் பேரரசன் ஹேட்ரியன் எல்லையாகக் கட்டுவித்த மதிலை ஒட்டியுள்ள ஹவுஸ்டெட்ஸ் கோட்டையில் இவை எல்லாம் அப்படியே கிடக்கின்றன. கரும்பலகை சொல்லாதது சரிவை. வடக்குச் சுவர் மலைமுகட்டில் நிற்கிறது, தெற்குச் சுவர் நன்றாகக் கீழே. இந்தச் சரிவைப் பிடித்துக்கொண்டால் கற்குவியல் கட்டடமாகத் தெரியத் தொடங்கும்.

117 கிலோமீற்றர் நீள மதில் வேலை கி.பி. 122இல் தொடங்கியது. முதல் திட்டத்தில் மதிலும் சிறு காவலரண்களும் காவற்கோபுரங்களுமே இருந்தன. பெரிய கோட்டைகளை மதிலோடு சேர்ப்பது பிறகு எடுத்த முடிவு. சாட்சி உள்ளேயே இருக்கிறது: வடக்குச் சுவரருகே, இடித்து மூடிய கோபுரம் ஒன்றின் அத்திவாரம். பலர் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போவார்கள். கோட்டையின் பரப்பு ஏறக்குறைய 5 ஏக்கர், படை சுமார் 800 பேர். 3ஆம் நூற்றாண்டில் இருந்தவர்கள் இத்தாலியர் அல்லர், இன்றைய பெல்ஜியப் பக்கத்துத் துங்ரியர்.

உயரத்தில் இருப்பதால் ஓடும் நீர் உள்ளே வர வழியில்லை. மழைநீரைத் தொட்டிகளில் பிடித்தார்கள். சரிவில் இறங்கும் அந்த நீரே கழிவை அடித்துச் செல்ல வேண்டும், அதனால்தான் மலசலகூடம் ஆகத் தாழ்ந்த தென்கிழக்கு மூலையில். பக்கத்துத் தொட்டியைக் குனிந்து பாருங்கள்: கற்பலகைகளை நிமிர்த்தி வைத்து, பொருத்துகளை ஈயத்தால் அடைத்திருக்கிறார்கள். கூடத்தின் இரு பக்கமும் ஆழமான கான். அதன்மேல் வரிசையாக இருக்கைகள் இருந்தன, மறைப்பு ஒன்றும் இல்லை. காலடியில் ஓடும் ஒடுங்கிய வாய்க்கால், துடைக்கும் கடற்பஞ்சைக் கழுவ. மழை பொய்த்த கோடையில் அந்த மூலை எப்படி மணத்திருக்கும் என்பதை வாசகரே யோசிக்கட்டும்.

மேட்டில் தானியக் களஞ்சியம். அங்கே வரிசையாக நிற்கும் குட்டைக் கற்றூண்களைச் சிலர் வெந்நீர்க்குளிப்பறை என்று நினைத்துவிடுவார்கள். தூண்கள் தாங்கியது தானியத் தளத்தை. நிலத்து ஈரம் ஏறினால் தானியம் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே தளத்தை உயர்த்தி, சுவரில் துவாரம் விட்டு, கீழே காற்றோட விட்டார்கள். நெல்மூட்டைக்கு அடியில் பலகை போடுகிற அதே புத்திதான். இப்படித் தூண்கள்மேல் தளம் வைத்து அடியில் சுடுகாற்று விட்ட சூட்டறை பார்க்க வேண்டுமானால் தளபதியின் வீட்டுக்குப் போங்கள்.

வடக்கு வாசலுக்கு வெளியே நின்றால், வண்டி எப்படி ஏறியது என்ற கேள்வி வரும், அவ்வளவு செங்குத்து. முன்பு ஏற்றப்பாதை இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் தோண்டியவர்கள் அதை அகற்றிவிட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்த கெட்ட வேலை. தெற்கு வாசலுக்கு வெளியே ஊர்மனைகள். அவற்றில் ஒன்றின் தரைக்கடியில் இரண்டு எலும்புக்கூடுகள் கிடைத்தன, ஒன்றின் விலாவில் கத்தி முனை.

சங்கச் சுற்றுலா ஒழுங்கு செய்பவர்களுக்குச் சில விஷயங்கள். பீ6318 வீதியோரத் தரிப்பிடத்திலிருந்து கோட்டைக்கு அரை மைல் ஏற்றம். முதலில் இறங்கித்தான் ஏற வேண்டும். வயதானவர்களுக்கு 20 நிமிடமாவது கணக்கு வையுங்கள். இங்கிலிஷ் ஹெரிடேஜ், நாஷனல் டிரஸ்ட் என்ற மரபுரிமை அமைப்புகளின் அங்கத்தவர்களுக்கு நுழைவு இலவசம் என்றாலும் தரிப்பிடக் கட்டணம் வேறு; அந்த இடத்தில்தான் வாக்குவாதம் வரும். மலசலகூடம் கீழே, தரிப்பிடத்தில். ரோமருடையதை நம்பிப் பிள்ளைகளை மேலே கூட்டிப் போகாதீர்கள். காற்று குடையை மடித்துவிடும், மழைச்சட்டையே உதவும். தேய்ந்த அடியுள்ள சப்பாத்து ஈரப் புல்லில் வழுக்கும்.

ஆனாலும் மழை விட்ட கையோடு போவதே நல்லது. சரிவில் இறங்கி வந்த தண்ணீர் தென்கிழக்கு மூலைக் கானில் தேங்கி நிற்கும்.