வயிற்றோட்டம் என்றார்கள், உள்ளே இருந்தது அடைப்பு

அப்பாவுக்குப் பார்க்கின்சன். கை நடுக்கம், நடை, மாத்திரை நேரம் பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது வெளிக்குப் போவதைப் பற்றி. முகம் சுளிக்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டில் இந்த நோயோடு ஒரு வயசாளி இருந்தால் மட்டும் கடைசி வரைக்கும் வாசியுங்கள். போன மழைக்காலத்தில் எங்களை ஓட ஓட விரட்டிய விசயம் இது. இன்னும் கோபம் ஆறவில்லை.

நோயைக் கண்டுபிடித்தது, நரம்பு டொக்டரிடம் போனது, இந்த நோய்க்கான முக்கிய மாத்திரையான லெவோடோபா தொடங்கியது எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தது. அப்புறம் மாதாமாதம் கிளினிக். கை எப்படி, நடை எப்படி, விழுந்தாரா என்று கேட்பார்கள். வயிறு எப்படி என்று ஒருவரும் கேட்டதில்லை. 1817இல் இந்த நோயைப் பற்றி விவரமாக எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சனே குடல் மந்தமாவதை அதில் சொல்லியிருக்கிறார். இருநூறு வருசம் போயும் எங்கள் கிளினிக் மேசைக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

இந்த நோய் மூளையோடு நிற்பதில்லை. குடலை அசைக்கிற நரம்புகளையும் பிடிக்கிறது. குடல் மெதுவாகும். மலம் உள்ளே கிடக்கக் கிடக்கத் தண்ணீரெல்லாம் வற்றி இறுகும். போதாததற்கு, முக்கும்போது தளர வேண்டிய ஆசனவாய்த் தசை தளராமல் இன்னும் இறுக்கிக்கொள்ளும். பலருக்கு நடுக்கம் வருவதற்குப் பல வருசம் முன்பே மலச்சிக்கல் தொடங்கிவிடுமாம். அப்பா தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்த காலத்திலேயே ராத்திரி ராத்திரி கடுக்காய்த் தூள் போட்டுக்கொள்வார். ராத்திரி வேலையால் உடம்பு சூடு என்று அம்மா சொல்லுவார்.

இதோடு மாத்திரைகளும் சேர்ந்துகொண்டன. நடுக்கத்துக்கு என்று பென்செக்சோல் கொடுத்தார்கள். இரத்தம் குறைவு என்று வேறொரு கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். இரண்டும் குடலைக் கட்டக்கூடியவை. பென்செக்சோல் வயசானவர்களுக்கு மூத்திரத்தையும் அடைக்கும், புத்தியையும் குழப்பும். இரும்பு மாத்திரையை லெவோடோபாவோடு சேர்த்து விழுங்கினால் லெவோடோபா உடம்பில் சரியாகச் சேராது, இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணித்தியாலமாவது விட வேண்டும். ஒரு கிளினிக் கொடுத்தது மற்றக் கிளினிக்குக்குத் தெரியாது. கொப்பி இரண்டும் என் பைக்குள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடந்ததுதான் மிச்சம்.

தண்ணீர் விசயம் தனி. எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் கக்கூசு பின்பக்கம், படியிறங்கிப் போக வேண்டும். மழை பிடித்தால் படியெல்லாம் பாசி. ராத்திரி எழும்பக் கூடாது என்று அப்பா தானாகவே குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். வெறுந்தேத்தண்ணியில் பாதியைக் குடித்துவிட்டு, அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் மீதியை இஸ்தோப்பு (வாசல் திண்ணை) ஓரத்துச் செவ்வந்திச் செடிக்கு ஊற்றிவிடுவார். குளிருக்குத் தாகமும் எடுப்பதில்லை. செடி மட்டும் நன்றாகப் பூத்தது.

பிறகு லெவோடோபா மாத்திரை வேலை செய்யாமல் போனது. காலையில் விழுங்கினால் முன்பெல்லாம் கொஞ்ச நேரத்தில் எழுந்து நடப்பார். இப்போது பகல் வரைக்கும் விறைத்துப்போய்க் கட்டிலிலேயே இருந்தார். நோய் முற்றிவிட்டது, மாத்திரையைக் கூட்டச் சொல்ல வேண்டும் என்று தம்பி கொழும்பிலிருந்து போனில் சொன்னான். அப்போது ஒரு நாள் விடிய முன்னம் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அப்பா குனிந்து, நடுங்கிற கையால் தன்னுடைய சாரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் கலங்கலாக ஓடியது.

"என்னாப்பா?"

"ஒன்னுமில்ல. நீ போ புள்ள."

மகளிடம் பேசுகிற விசயமா அது! தம்பியைப் போனில் கேட்க வைத்துத்தான் தெரியவந்தது. ஒரு கிழமைக்கு மேல் ஒழுங்காக வெளிக்குப் போகவில்லை. ஆனால் இரண்டு நாளாகத் தண்ணீராகக் கொஞ்சம் கொஞ்சம் தன்னையறியாமல் கசிகிறது.

டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஓபிடி வரிசை வாசல் வரைக்கும். டொக்டர் ஒரே ஆள், பாவம்தான். ஆனாலும் சொல்கிறேன், அப்பாவின் வயிற்றில் அவர் கை படவே இல்லை. "எத்தன தடவ போகுது?" என்றார். அஞ்சாறு தடவை என்றேன். "அதுக்கு முன்னுக்கு ஒரு கிழமையா போகவே இல்ல டொக்டர்" என்று சொல்லி முடிக்கவில்லை, "அதுதான் இப்ப போகுதே" என்று மருந்துத் துண்டை நீட்டிவிட்டார். வயிற்றோட்டத்தை நிறுத்த லோபரமைட், கூடவே தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புக் கரைசல் தூள், ஜீவனி பக்கட்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். வயசானவருக்கு, அதுவும் பார்க்கின்சன் உள்ளவருக்கு, பல நாள் போகாமல் இருந்து திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் அது வயிற்றோட்டமாக இல்லாமல் இருக்கலாம். உள்ளே கட்டி இறுகி வழியை அடைத்துக்கொண்டிருக்கும், பின்னால் தேங்கிய தண்ணீர் அதன் ஓரமாக வழியும். அதற்கு ஓட்டத்தை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் கொஞ்சநஞ்சம் அசைகிற குடலும் நின்றுபோகும். ஆஸ்பத்திரியில் வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கையுறை போட்டு விரல் விட்டுப் பார்க்கவும் கேளுங்கள். வெட்கப்பட்டால் வேலைக்காகாது.

எங்களுக்கு அதுதான் நடந்தது. வயிறு ஊதியது. மூத்திரமும் நின்றுபோனது. ராத்திரி வாந்தி. நடுச்சாமத்தில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "பெரட்டுக்கு நேரமாச்சு, விடுங்க" என்று கதவைத் தேடினார். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடம். வேலையை விட்டு எத்தனையோ வருசமாகிவிட்ட மனுசன். பக்கத்துக் காம்பராத் தம்பியின் த்ரீவீலரில் ஏற்றி, பனிமூட்டத்துக்குள்ளே ஊர்ந்து ஊர்ந்து வேறொரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வாட்டில் போட்டதும் நர்ஸ் மிஸ் ஒருவர் வாந்திக்கு ஊசியோடு வந்தார். என்ன ஊசி என்று கேட்டேன். மெட்டோக்ளோபிரமைட். அது, இந்த நோயில் மூளையில் குறைந்துபோகிற டோபமின் என்ற பொருளைத் தடுக்கிற மருந்து, பார்க்கின்சன்காரருக்கு விறைப்பையும் நடுக்கத்தையும் கூட்டிவிடும் என்று நரம்பு டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதியும் வைத்திருந்தேன். கொப்பியைத் திறந்து நீட்டினேன். "நீங்க டொக்டரா?" என்று கேட்டார் மிஸ். இல்லை, ஆனால் ஊசியைப் போட விடமாட்டேன் என்று கட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டேன். சத்தம் கேட்டு வந்த சின்ன டொக்டர் கொப்பியை வாசித்தார், ஊசியைத் திருப்பி அனுப்பினார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே சந்தோசம் அதுதான். நீங்களும் கொப்பியில் எழுதி வையுங்கள்: மெட்டோக்ளோபிரமைட் வேண்டாம், வாந்திக்குக் கொடுக்கிற இன்னொரு மருந்தான புரோக்ளோர்பெரசினும் வேண்டாம். ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், யாரிடமாவது சரி பார்த்து எழுதுங்கள்.

அதே சின்ன டொக்டர்தான் வயிற்றை அமத்தினார், கையுறை போட்டுப் பார்த்தார், படமும் எடுக்கச் சொன்னார். "ஓட்டமில்ல அக்கா, அடைப்பு. கல்லு மாதிரி இருக்குது" என்றார். மூத்திரத்துக்குக் குழாய் போட்டார்கள். பிறகு எனிமா. கொஞ்சத்தைக் கையாலேயே எடுக்க வேண்டி வந்தது. திரைக்கு வெளியே நின்ற எனக்கு, அட்டெண்டன் ஒருவர் அப்பாவிடம் எந்தத் தோட்டம், எந்த டிவிசன், ஃபெக்டரியில் எந்த மெசின் என்று கேட்டுக்கொண்டே இருந்தது கேட்டது. அப்பாவும் ரோலர் மெசினைப் பற்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னார். அந்த மனுசன் நன்றாக இருக்க வேண்டும்.

வயிறு வெளித்ததும் புத்தி தெளிந்தது, குழாயைக் கழற்றினார்கள். லெவோடோபாவும் பழையபடி வேலை செய்தது, ஒரு மாத்திரையும் கூட்டாமலே. அது சிறுகுடலுக்குப் போனால்தான் உடம்பில் சேரும். வயிறும் குடலும் மந்தமாகிவிட்டால் மருந்து போய்ச் சேரவே நேரமாகும். அதனால், மாத்திரை பிடிக்கவில்லை என்று தோன்றினால் நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்ட முன்னம் கடைசியாக எப்போது வெளிக்குப் போனார் என்று கேட்டுவிடுங்கள். பென்செக்சோலை டொக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். நீங்களாக ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். லெவோடோபாவைக் கேட்கவே வேண்டாம், அதைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது மலத்தை இளக்குகிற லக்டுலோஸ் பாணி எழுதியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது, வெளியே எடுங்கள் என்றார்கள். டவுனுக்குப் போனால் அன்று போயா (பௌர்ணமி) விடுமுறை, பாதிக் கடை பூட்டு. திறந்திருந்த ஒரு பார்மசியில் "இதுவும் அதுதான்" என்று இசப்கோல் உமியைக் கட்டிக் கொடுக்கப் பார்த்தார்கள். அதுவும் இதுவும் ஒன்றில்லை. இசப்கோலுக்கு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். செடிக்குத் தேத்தண்ணி ஊற்றுகிற ஆளுக்கு அதைக் கொடுத்தால் உள்ளே போய் ஊறி மறுபடியும் அடைக்கும். வெறுங்கையோடு திரும்பி வந்து, அடுத்த நாள் மறுபடியும் பஸ் ஏறித்தான் லக்டுலோஸ் கிடைத்தது.

லக்டுலோஸ் குடித்த அன்றைக்கே போகாது. இரண்டு மூன்று நாள் எடுக்கும், அதுவரைக்கும் வயிறு கொஞ்சம் ஊதும், காற்றுப் பிரியும். வேலை செய்யவில்லை என்று போத்தலைத் தூக்கி வைத்துவிடாதீர்கள், தினமும் கொடுக்க வேண்டியது அது. பிசகொடில் மாத்திரை ராத்திரி போட்டால் காலையில் வேலை செய்யும், ஆனால் பாலோடு கொடுக்கக் கூடாது. அவசரத்துக்குப் பின்பக்கம் வைக்கிற மாத்திரை இருக்கிறது, ஒரு மணித்தியாலத்துக்குள் பலன் தெரியும். எது, எவ்வளவு என்பதை டொக்டரிடம் எழுதி வாங்குங்கள். பக்கத்துக் காம்பராப் பாட்டி விளக்கெண்ணெய்ப் போத்தலோடு வந்தார். பாட்டியின் மனசு நோகாமல் வாங்கி வைத்துவிட்டேன், கொடுக்கவில்லை. அடைப்பு இருக்கிற வயிற்றில் பேதி மருந்தைக் கொடுத்துப் பிசைய வைப்பது விபரீதம். பாரஃபின் எண்ணெயும் விழுங்கக் கஷ்டப்படுகிறவர்களுக்கு ஆகாது, புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.

சாப்பாட்டில் பெரிய மாற்றமில்லை. காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் இல்லாமல் அப்பாவுக்கு விடியாது. அதோடு கீரை, பீன்ஸ், டவுனில் கிடைக்கும்போது பப்பாசிப்பழம். மலையெல்லாம் மரக்கறி விளைகிறது, நம் தட்டில்தான் அது ஏறுவதில்லை. தண்ணீரைப் பகலிலேயே குடிக்க வைத்துவிடுகிறேன், பின்னேரத்துக்குப் பிறகு குறைவு. தேத்தண்ணி குடித்து முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

உட்காருவதற்கு ஒரு கதிரை செய்தோம். முதலில் பிளாஸ்டிக் கதிரையில் ஓட்டை வெட்டிப் பார்த்தோம், அப்பா உட்கார்ந்ததும் கால்கள் அகன்று ஆளையே கவிழ்க்கப் பார்த்தது. அந்த வேலை வேண்டாம். தச்சு பாஸ் ஒருவர் பழைய பலகையில் கைப்பிடியோடு செய்து தந்தார், அடியில் வாளி. காலுக்குக் கீழே ஒரு சின்னப் பலகை, முழங்கால் இடுப்பை விட உயர்ந்திருக்க வேண்டும், கொஞ்சம் முன்னால் சாய வேண்டும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு குடல் தானாகவே அசையும், அப்போது உட்கார வைக்கிறோம். சாப்பிட அரை மணித்தியாலம் முன்பே லெவோடோபா கொடுத்துவிடுவதால் அந்த நேரத்துக்கு மருந்தும் பிடித்திருக்கும், தசையும் ஓரளவு தளரும். பத்து நிமிசம், அவ்வளவுதான். முக்கி முக்கி உட்கார வைக்காதீர்கள்.

கலண்டரில் குறித்து வைக்கிறோம். வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்று அப்பாவுக்குக் கூச்சம், அதனால் வெளிக்குப் போன நாளில் ஒரு கொழுந்து இலை வரைந்துவிடுவோம். சித்தப்பா ஒரு நாள் பார்த்துவிட்டு, "அண்ணி கொழுந்துக்குப் போன நாளெல்லாம் குறிக்கிறீங்களா, சம்பளத்துல வெட்டிட்டானா?" என்று கேட்டார். அப்பா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி கொட்டிவிட்டது. மூன்று நாள் இலை விழவில்லை என்றால் டொக்டர் சொன்ன அடுத்த மருந்துக்குப் போகிறோம். வயிறு ஊதி, காற்றும் பிரியாமல், வாந்தியும் வந்தால் வீட்டில் ஒன்றும் செய்துபார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுங்கள். இரத்தம் கலந்து போனாலோ உடம்பு இளைத்தாலோ பார்க்கின்சன்தானே என்று விட்டுவிடாமல் காட்டுங்கள்.

போன கிளினிக்கில் டொக்டர் வழக்கம்போலக் கையைப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடப் போனார். கலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டு போயிருந்தேன், மேசையில் வைத்தேன். இதென்ன இலை என்றார். சொன்னேன். கொப்பியைத் திறந்து மறுபடியும் எழுதினார், லக்டுலோஸும் மாத மருந்தோடு சேர்ந்துவிட்டது. இருக்கிற மாதம் உள்ளேயே தருகிறார்கள், இல்லாத மாதம் வெளியே வாங்குகிறோம். எப்படியும் வீட்டில் ஒரு போத்தல் கூடுதலாக வைத்திருங்கள். அடை மழையில் மண் சரிந்து பாதை மூடினால் டவுனுக்குப் போக வழியிருக்காது.