வாட் வி-173: கரடுமுரடான ரெசின் கிட்டைக் கட்டிய விதம்

சார்ல்ஸ் சிம்மர்மன் வடிவமைத்து, 1942 நவம்பர் 23 அன்று முதன்முதலில் பறந்த விமானம் இது. இறக்கையும் உடலும் ஒன்றாகிப்போன தட்டு. 'பறக்கும் பான்கேக்' என்ற பட்டப்பெயர் அதனால்தான். நான் கட்டியது இதன் 1/72 அளவு மாடல்; ரெசின் என்ற வார்ப்புப் பிளாஸ்டிக்கில் பாகம் பாகமாக வரும் கிட். குறுக்கே சுமார் 98 மி.மீ. ஆனால் ப்ரொப்பெல்லர் ஒவ்வொன்றும் 70 மி.மீ. இந்தக் கிட்டில் வரும் தொல்லைகளில் பாதி இந்த விகிதத்தில் இருக்கிறது.

முதலில் எல்லாப் பாகங்களையும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினேன். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய் மிச்சமிருந்தால் ப்ரைமர் (அடிப்பூச்சு) பட்டையாக உரியும். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஈர உப்புத்தாள், முகக்கவசம் இரண்டும் கட்டாயம்.

மேல், கீழ் பாதிகள் இரண்டுமே வளைந்திருந்தன. கொதிக்கவைத்து இறக்கிய நீரில் ஒரு நிமிடம் போட்டு, கண்ணாடித் தகட்டில் அழுத்திப் பிடித்து ஆறவிட வேண்டும். வளைவை விட்டுவிட்டு ஒட்டினால் பின்னால் விளிம்புகள் திறந்துகொள்ளும். காற்றுக் குமிழிக் குழிகளை சூப்பர் க்ளூவும் சமையல் சோடாவும் வைத்து அடைக்கலாம். ஆனால் அன்றே தேய்த்துவிடுங்கள். மறுநாள் அது ரெசினைவிடக் கெட்டியாகிவிடும். சுற்றியுள்ள ரெசின்தான் தேயும், திட்டு மேடாக நிற்கும். துணி போர்த்திய விமானம் என்பதால் சட்டங்களின் மெல்லிய வரிகளும் மேல் பக்கத்தில் உண்டு. இணைப்புக் கோட்டின் இருபுறமும் டேப் ஒட்டிவிட்டுத் தேய்த்தால் அவை பிழைக்கும்.

இனி ப்ரொப்பெல்லர்கள். நிஜ விமானத்தில் இரண்டும் எதிரெதிர்த் திசையில், மேல்பக்க இலை வெளிப்புறம் போகும்படி சுழலும். இறக்கை நுனியில் உண்டாகும் காற்றுச் சுழலை எதிர்க்கத்தான் அந்த ஏற்பாடு. கிட்டில் வந்த ஆறு இலைகளுக்கும் ஒரே திசை முறுக்கு! திருப்பி வைத்தாலும் முறுக்கு மாறாது. மூன்று இலைகளை மெல்லியதாகத் தேய்த்து, சுடுநீரில் இளக்கி, இடுக்கியால் எதிர்ப்பக்கம் முறுக்கிக் குளிர்நீரில் போட வேண்டும். இலைகளைப் பொருத்த, 120 பாகைக் கோடுகள் வரைந்த அட்டை போதும்.

பெரிய ப்ரொப்பெல்லர் தரையில் படாதிருக்கத்தான் இதற்கு இவ்வளவு நீளக் கால்கள். விமானம் சுமார் 22 பாகை மூக்கு தூக்கி நிற்கும். ரெசின் கால்கள் பாரத்தில் மெல்ல வளைந்துவிடும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். 1 மி.மீ. பித்தளைக் கம்பியில் புதிதாகச் செய்து, உடலில் 5 மி.மீ. ஆழம் துளையிட்டு எப்பாக்சியால் (இரண்டு பாகம் கலக்கும் பசை) நிறுத்தினேன். சூப்பர் க்ளூ பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. எப்பாக்சி இறுகும்வரை கோணம் மாறாதிருக்க, 22 பாகையில் வெட்டிய தெர்மாகோல் தாங்கி.

விதானத்துக்கும் (விமானி மேலுள்ள கண்ணாடி மூடி) மூக்கடிக் கண்ணாடிக்கும் வெள்ளைப் பசை; சூப்பர் க்ளூ ஆவி பட்டால் கண்ணாடி பனித்துவிடும். மேலே மஞ்சள், கீழே வெள்ளி. மஞ்சள் மூடாது, எனவே வெள்ளை ப்ரைமர் அடித்த பிறகே பூசவும். ப்ரொப்பெல்லர் தண்டுகளை ஒட்டாமல் செருகி மட்டும் வைத்தேன். பெட்டியில் எடுத்துச்செல்லும்போது கழற்றிவிடலாம்.