கடைசியில் பிஸ்டன் வெளியே வந்தது

என் பழைய காரின் பிரேக்கில் இறுகிக் கிடந்த பிஸ்டன் நேற்று ராத்திரி பதினொன்றரைக்குக் கழன்றது. அதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறது.

வண்டி 1982 மெர்சிடிஸ் டபிள்யூ123, 240டி. இடது முன்பக்கக் காலிப்பர், அதாவது எதிரெதிரே இரண்டு பிஸ்டன்களால் பிரேக் பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம். பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் அந்தச் சக்கரம் மட்டும் பிடியை விடாது, உக்கடம் வரை போய்த் திரும்பினால் ரிம்மில் கை வைக்க முடியாது, அவ்வளவு சூடு.

கழற்றுவது பெரிய வேலையில்லை. பேட் பின்களைத் தட்டி எடுத்தாயிற்று, பின்னால் இருக்கும் இரண்டு 19 மி.மீ. போல்ட்டும் ஸ்பானரில் பைப் மாட்டி அழுத்தியதும் வந்துவிட்டன. அப்புறம்தான் முட்டாள்தனம் செய்தேன். அவசரத்தில் பிரேக் ஆயில் வரும் ஹோஸையும் கழற்றி, காலிப்பரை மேஜைக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஹோஸ் இருக்கும்போதே பெடலை மிதித்துப் பிஸ்டனைப் பாதி தள்ளியிருக்க வேண்டும். தெரியாதவனும் இல்லை!

கம்ப்ரஸர் காற்று கொடுத்தேன். வெளிப்பக்கத்துப் பிஸ்டன் 'டப்' என்று பாய்ந்து நடுவில் வைத்திருந்த மரக்கட்டையில் முட்டியது, எதிரே இருப்பது அசையவே இல்லை. பிஸ்டனின் விட்டம் 57 மி.மீ. என்பதால் 8 பார் காற்றுக்குக் கிடைப்பது சுமார் 200 கிலோ விசைதான். கிரீஸ் கன் சுலபமாக 200 பார் கொடுக்கும், அப்போது அதே பிஸ்டன் மேல் 5 டன். ஹோஸ் ஏறும் ஓட்டை எம்10, 1 மி.மீ. பிட்ச், அதே மரையில் கிரீஸ் கன் மாட்டும் நிப்பிளும் கிடைக்கிறது. காலிப்பரைச் செய்தவன் நமக்காகவே விட்டுவைத்த மாதிரி!

முதலில் வந்த பிஸ்டனைத் திரும்ப உள்ளே தள்ளி சி-கிளாம்ப் போட்டேன், இல்லையென்றால் கிரீஸ் அந்தப் பக்கமே ஓடும். முதல் தடவை, பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும் பிளீடிங் நிப்பிள் வழியாகக் கிரீஸ் புழு மாதிரி நெளிந்து வந்தது, அதை இறுக்கினேன். இரண்டாம் தடவை கிளாம்ப் வழுக்கி என் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. மூன்றாவது தடவை கைப்பிடி கல் மாதிரி இறுகி நின்று, இனி உடையப் போவது காலிப்பரா கன்னா என்று யோசிக்கும்போது 'டக்'. டஸ்ட் கவர் ஓரத்தில் நூல் மாதிரி ஒரு பழுப்புக்கோடு. அதற்குப் பிறகு ஒவ்வொரு அழுத்தலுக்கும் அரை மி.மீ. கூட இல்லை, எழுபது தடவையாவது அழுத்தியிருப்பேன்.

உள்ளே குற்றவாளி பிஸ்டன் மட்டுமில்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமான சீல் உட்காரும் பள்ளத்தில் துரு ஏறி, சீலைப் பின்னாலிருந்து பிதுக்கிக்கொண்டிருந்தது. பிரேக் பிடிக்கும்போது வளைந்து, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பிப் பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னுக்கு இழுப்பதே அந்தச் சீல்தான், அதையே நெருக்கினால் சக்கரம் எப்படி விடும்? பித்தளைக் கம்பியின் நுனியைத் தட்டித் தட்டையாக்கி, அந்தப் பள்ளத்தை மட்டும் இரண்டு மணி நேரம் சுரண்டினேன். கிரீஸ் ஒரு துளி மிஞ்சினாலும் புது ரப்பர் ஊதிவிடும் என்பதால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நாலு முறை கழுவினேன்.

சீல் கிட் வாங்குபவர்கள் காலிப்பரைச் செய்த கம்பெனி ஏடிஇயா பெண்டிக்ஸா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வண்டிக்கு இரண்டுமே வந்திருக்கின்றன. என்னுடையது ஏடிஇ என்று போட்டோவோடு சொல்லியும் ஒருவர் பெண்டிக்ஸ் கிட்டை அனுப்பிவிட்டு, 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்றார். புதுப்பேட்டையில் முழுக் காலிப்பரே ஒன்று கிடைத்தது, ஆனால் வலது பக்கத்துடையது. இடது பக்கம் மாட்டினால் பிளீடிங் நிப்பிள் கீழே போய்விடும், ஜென்மத்துக்கும் ஏர் போகாது.

பழைய பிஸ்டனில் சீல் உரசும் இடத்திலேயே குரோம் உரிந்து குழி விழுந்திருக்கிறது. கணபதி லேத்காரரிடம் காட்டினேன். "ஏனுங்ணா, எஸ்.எஸ்.லயே (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கடைஞ்சு குடுத்தர்றனுங்க, ஆயுசுக்கும் துருப் புடிக்காது" என்றார். அளவு நூறில் ஒரு பங்கு மி.மீ. வரைக்கும் பார்க்கிறாரா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கப் போகிறேன். பின்பக்க ஹேண்ட் பிரேக் ஷூவும் தேய்ந்திருக்கிறது, பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டரின் கிட்டும் விலை கேட்டு வைத்திருக்கிறேன்.

அதற்கு முன் வலது பக்கம். இந்த முறை ஹோஸைத் தொடாமல் பெடலை மிதித்தே பிஸ்டனைத் தள்ளுவேன். அதற்கு இடது பக்கம் திறந்து கிடக்கும் பைப் முனையை அடைக்க மரை போட்ட ஒரு மூடி வேண்டும். அதையும் லேத்காரரிடமே சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை தருகிறாராம்.