மீனின் வாலைப் பார்த்து நின்ற டைவ்

முதல் சில ஸ்கூபா பயணங்களில் (காற்று உருளையைச் சுமந்து கடலுக்குள் மூழ்குவது) நான் எடுத்த படங்களில் பெரும்பாலும் மீனின் வால்தான் இருந்தது. ஒரு மீனைக் கண்டதும் நேராக அதை நோக்கி நீந்துவேன். அது திரும்பி ஓடும், நான் துரத்துவேன். துரத்திக் கிடைத்த படம் ஒன்றுகூடத் தேறவில்லை.

இந்த முறை ஒரு டைவ் முழுவதையும் ஒரே கோபி மீனுக்கு ஒதுக்கினேன். 14 மீட்டர் ஆழம், மணல் தரை. விரல் நீளமே உள்ள அந்த மீன் ஓர் இறாலுடன் ஒரே வளையில் குடியிருக்கிறது. வளை தோண்டுவது இறால், காவல் மீனுடையது. இறாலுக்குக் கண் பார்வை மிகக் குறைவு. அதனால் வெளியே வரும்போதெல்லாம் உணர்கொம்பை மீனின் மேல் வைத்தபடியே வேலை செய்யும். ஆபத்து என்றால் மீன் வாலைச் சிலுப்பும். இறால் உள்ளே போய்விடும். அப்புறமும் நெருங்கினால் மீனும் தலைகீழாக வளைக்குள் பாய்ந்துவிடும்.

சரி, அந்த வாலையே நானும் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். மூன்று மீட்டர் தள்ளி, மணலில் எதுவும் புதைந்திருக்கவில்லை என்று பார்த்துவிட்டுப் படுத்தேன். (பவளப்பாறையில் இப்படிப் படுக்கவே கூடாது, அங்கே மிதந்தபடிதான் எடுக்க வேண்டும்.) கேமராவின் செட்டிங்கை அங்கேயே சரிசெய்து, முகத்துக்கு முன்னால் தூக்கி வைத்துக்கொண்டேன். கிட்டே போனபின் கையைத் தூக்கினால் அந்த அசைவே போதும், மீன் மறைந்துவிடும்.

காலில் மாட்டிய துடுப்பை அசைக்கவில்லை. மீன்களின் உடலோரம் ஓடும் பக்கக்கோடு நீரின் சிறு அதிர்வையும் உணர்ந்துவிடும். இடது கை விரல்களை மட்டும் மணலில் ஊன்றி, நேராகப் போகாமல் சாய்வாக நகர்ந்தேன். வால் சிலுப்பினால் நிற்பேன். அடங்கியதும் ஒரு சாண் நகர்வேன். குமிழிச் சத்தம் குறைய மூச்சை மெதுவாக, நீளமாக விட்டேன். மூச்சை அடக்கிப் பார்க்கலாம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். அடக்கியபடி கொஞ்சம் மேலே எழுந்தாலும் நுரையீரல் காயப்படலாம்.

நீருக்குள் எல்லாம் கால் பங்கு கிட்டத்தில் தெரியும். போதும் என்று தோன்றிய இடத்தில் இன்னும் தூரம் இருந்தது. தூரம் கூடினால் நிறமும் தெளிவும் போய்விடும் என்பதால் பொறுமையாக இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன்.

இருபது நிமிடத்துக்குப் பிறகு இறால் ஒரு கூழாங்கல்லைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது, அதன் உணர்கொம்பு ஒன்று மீனின் வாலருகே. ஒரு ஃபிளாஷ். இரண்டும் உள்ளே போயின. காத்திருந்தேன். முதலில் மீனின் தலை, பிறகு இறால். மூன்று படங்கள் எடுத்தேன்.

காற்று குறைந்துகொண்டிருந்தது. வந்த மாதிரியே மெதுவாகப் பின்வாங்கினேன். நான் எழும்பியபோதும் இறால் மணலைத் தள்ளிக்கொண்டுதான் இருந்தது.