தீர்ப்பு மேசைமீது தெரிய வேண்டும்

ரியாலிட்டி ஷோ என்றாலே முகம் சுளிக்கும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அழுகை, சண்டை, திகிலூட்டும் பின்னணி இசை, விளம்பர இடைவேளைக்குச் சற்று முன்பாக நிறுத்திவைக்கப்படும் முடிவு என்று அவர்கள் அடுக்கும் குறைகளில் பெரும்பாலானவற்றை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனாலும் போட்டி நிகழ்ச்சி என்ற வடிவத்தின் மீது எனக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது. ஒருவர் தம் கையால் ஒரு வேலையைச் செய்வதையும், நேரம் போதாமல் தவிப்பதையும், தவறு நேர்ந்த பின் அதை எப்படியாவது சரிக்கட்டப் பார்ப்பதையும் இவ்வளவு நெருக்கத்தில் காட்டக்கூடிய வேறு வடிவம் தொலைக்காட்சியில் இல்லை. பார்க்கத் தகுந்த போட்டி நிகழ்ச்சி எது என்று கேட்டால், ஒருவர் ஏன் வென்றார், இன்னொருவர் ஏன் வெளியேறினார் என்பதை நடுவர் வாய் திறப்பதற்கு முன்பே பார்வையாளரும் ஓரளவு கண்டுகொள்ள முடிகிற நிகழ்ச்சி என்றுதான் சொல்வேன்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டாகச் சொல்வது, பிரிட்டனில் 2010 ஆகஸ்டில் பிபிசி டூ அலைவரிசையில் தொடங்கிய ‘தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்’. ஒரு மாளிகையின் புல்வெளியில் வெள்ளைக் கூடாரம்; அதற்குள் வரிசையாக ஓவன்களும் மேடைகளும்; கேக், ரொட்டி, பிஸ்கட் சுடுவதைப் பிழைப்பாகக் கொள்ளாத பத்துப் பன்னிரண்டு பேர். படப்பிடிப்பு வார இறுதிகளில் நடக்கும். மற்ற நாட்களில் அவர்கள் தத்தம் வேலைக்குப் போவார்கள். பெரும்பாலான வாரங்களில் ஒருவர் வெளியேறுவார். கடைசியில் வெல்பவருக்குக் கிடைப்பது எழுத்துப் பொறித்த ஒரு கண்ணாடிக் கேக் தாங்கியும் ஒரு பூங்கொத்தும்தான். பணப்பரிசு கிடையாது. இப்படி ஒரு நிகழ்ச்சி 2014இல் பிபிசியின் முதன்மை அலைவரிசையான பிபிசி ஒன்னுக்கு உயர்ந்ததும், 2015ஆம் ஆண்டு இறுதிச் சுற்றை ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்ததும், சேனல் 4 என்ற போட்டி அலைவரிசை அதை மூன்றாண்டுகளுக்கு ஏழரைக் கோடி பவுண்டு கொடுத்து வாங்கியதும் அடுத்தடுத்து நடந்தன. பரிசுத்தொகை பெரிதாக இருந்தால்தான் பார்வையாளர் வருவார்கள் என்று நம்பும் தயாரிப்பாளர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

வாரத்துக்கு மூன்று சுற்றுகள். முதலாவதான சிக்னேச்சரில், வீட்டில் பழகி வைத்திருக்கும் பண்டத்தைச் செய்ய வேண்டும். மூன்றாவதான ஷோஸ்டாப்பரில், கண்ணைப் பறிக்கும் பெரிய படைப்பு ஒன்றைச் செய்ய வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது நடுவில் வரும் டெக்னிக்கல். அன்று என்ன செய்யப்போகிறோம் என்பதே அந்தச் சுற்று தொடங்கும்போதுதான் போட்டியாளர்களுக்குத் தெரியவரும். எல்லோருக்கும் ஒரே பொருட்கள், ஒரே செய்முறைத் தாள். அந்தத் தாளிலோ முக்கியமான விவரங்கள் வேண்டுமென்றே விடுபட்டிருக்கும். எத்தனை நிமிடம் பிசைய வேண்டும், எவ்வளவு நேரம் ஊற வேண்டும், எத்தனை டிகிரியில் சுட வேண்டும் என்று எழுதவேண்டிய இடத்தில் ‘மாவைத் தயார் செய்க’, ‘சுடுக’ என்று மட்டும் இருக்கும். நடுவர்கள் கூடாரத்தைவிட்டு வெளியே போய்விடுவார்கள். நேரம் முடிந்ததும், கட்டம்போட்ட துணி விரித்த நீண்ட மேசையில் ஒவ்வொருவரும் தம் புகைப்படத்துக்குப் பின்னால் தாம் சுட்டதை வைப்பார்கள். படத்தின் முகம் போட்டியாளர்கள் பக்கம் இருக்கும், நடுவர்களுக்கு அதன் முதுகு மட்டுமே தெரியும். எது யாருடையது என்று அறியாமலேயே அவர்கள் வெட்டிப் பார்த்து, சுவைத்து, காரணத்தைச் சொல்லிக் கடைசி இடத்திலிருந்து முதலிடம்வரை வரிசைப்படுத்துவார்கள்.

இந்தச் சிறு ஏற்பாடு எவ்வளவு காரியத்தைச் சாதிக்கிறது என்று பாருங்கள். நடுவருக்கு யார்மீது பரிவு, யார்மீது சலிப்பு என்ற கேள்விக்கே இடமில்லை. சென்ற வாரம் முதலிடம் பிடித்தவர் என்ற பெயர் இங்கே உதவாது. தாளில் எழுதாமல் விட்ட விவரம் யாருடைய கையில் இருக்கிறது என்பது மட்டுமே சோதிக்கப்படுகிறது. ரொட்டி மாவைப் பிசைந்தவர் அதில் ஒரு சிறு துண்டைக் கிள்ளி, கிழியாமல் மெல்ல இழுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். அந்தச் சவ்வின் வழியே வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் மாவின் இழுவைத்தன்மை போதுமான அளவுக்குக் கூடிவிட்டது என்று பொருள்; பாதியிலேயே அறுந்துபோனால் இன்னும் பிசைய வேண்டும். இதை ஒருமுறை பார்த்துவிட்ட பார்வையாளர், அடுத்த முறை மாவு அறுந்துபோகும்போது போட்டியாளருக்கு முன்பே பதறிவிடுவார். அந்தப் பதற்றத்தை இசையால் ஊட்ட வேண்டியதில்லை. ஓவனுக்கு முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்து, கண்ணாடிக் கதவின் வழியே உள்ளே உப்பி எழுவதையே கண்கொட்டாமல் பார்க்கும் போட்டியாளர்தான் இந்த நிகழ்ச்சியின் அடையாளக் காட்சி. பார்ப்பவர்களுக்கும் அந்த நேரத்தில் வேறு எதையும் பார்க்கத் தோன்றாது.

திரையில் வரும் உணவை நம்மால் சுவைக்க முடியாது. அப்படியிருக்க, சமையல் போட்டியின் தீர்ப்பை நாம் எப்படி நம்புவது? பேக்கிங்கில் இதற்கு ஒரு நல்ல விடை இருக்கிறது. பெரும்பாலான பிழைகள் கண்ணுக்குத் தெரியும். ரொட்டியை வெட்டியதும், நடுவர்களில் ஒருவரான பால் ஹாலிவுட் கட்டைவிரலால் அதன் உட்பகுதியை அழுத்துவார். நன்றாக வெந்திருந்தால் அது மீண்டும் எழும், வேகாத ரொட்டி அப்பிக்கொண்டு அமுங்கிக் கிடக்கும். மாவு ஓட்டுக்குள் உள்ளீடு வைத்துச் சுடும் ‘பை’ என்ற பண்டத்தின் அடிப்பாகத்தை, 2016வரை நடுவராக இருந்த மேரி பெரி திருப்பிப் பார்த்தபோது அது மொறுமொறுப்பாக இருக்கிறதா, ஈரம் ஊறிச் சொதசொதத்திருக்கிறதா என்பது கேமராவுக்கும் தெரிந்தது. சாக்லேட்டும் அப்படியே. உருக்கிய டார்க் சாக்லேட்டைச் சுமார் 27 டிகிரிவரை குளிர்வித்து மறுபடி 31, 32 டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் அது பளபளப்போடும் ஒடித்தால் ‘படக்’கென்ற ஓசையோடும் உறையும். அதில் பிசகினால் மங்கலாக, வெள்ளை படர்ந்து நிற்கும். நடுவரின் தீர்ப்பு மேசைமீதே கிடக்கிறது. அவர் அதற்குப் பெயர் சொல்லித் தருகிறார், அவ்வளவுதான். சில வாரங்கள் தொடர்ந்து பார்த்தவருக்கு அந்தக் கண் தானாகவே வந்துவிடுகிறது.

இந்த நிகழ்ச்சியே தன் கொள்கையிலிருந்து வழுவிய நேரமும் உண்டு. 2014ஆம் ஆண்டுப் பருவத்தில் பேக்ட் அலாஸ்கா செய்யச் சொன்னார்கள். ஐஸ்கிரீமைக் கேக்கின்மீது வைத்து, அடித்த முட்டை வெண்கருவால் மூடி, உள்ளே உருகுவதற்குள் மேற்புறம் மட்டும் சிவக்கும்படி ஓவனில் வைத்தெடுக்கும் பண்டம் அது. வெயில் கொளுத்திய நாள். ஒரு போட்டியாளரின் ஐஸ்கிரீம் உறையாமல் குழைந்து ஓட, அவர் ஆத்திரத்தில் அத்தனையையும் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, நடுவர் முன்னால் அந்தத் தொட்டியையே கொண்டுவந்து வைத்தார். அவர் வெளியேற்றப்பட்டார். தீர்ப்பில் எனக்குக் குறையில்லை. தோற்றுப்போன பண்டத்தையாவது வைத்திருந்தால் கேக்கையோ கிரீமையோ சுவைத்து மதிப்பிட்டிருக்கலாம் என்று நடுவர்கள் சொன்னது நியாயம்தான். ஆனால் இன்னொரு போட்டியாளரான வயதான பெண்மணி ஒருவர் அவருடைய ஐஸ்கிரீமை ஃப்ரீசரிலிருந்து எடுத்து வெளியே வைத்த காட்சியைப் படத்தொகுப்பில் கையாண்ட விதம், அந்தப் பெண்மணி வேண்டுமென்றே கெடுத்துவிட்டார் என்ற எண்ணத்தைப் பார்த்தவர்களிடம் ஏற்படுத்தியது. அது வெளியே இருந்தது நாற்பது விநாடிகள்தான் என்று நிகழ்ச்சியை நடத்திய தொகுப்பாளர் சூ பெர்கின்ஸே பிறகு எழுத வேண்டியதாயிற்று. பிபிசிக்கு நூற்றுக்கணக்கில் புகார்கள் குவிந்தன. கத்தரிக்கோலின் ஒரு வெட்டு ஒரு மனிதரை வில்லியாக்கிவிடக்கூடும் என்பதால்தான், தொகுப்பறையில் காட்டும் நேர்மையை நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். அந்த நேர்மை தவறினால், கூடாரத்துக்குள் எத்தனை நியாயமான விதிகள் இருந்தும் பயனில்லை.

அதற்கு நேர்மாறான நினைவு 2018ஆம் ஆண்டு இறுதிச் சுற்று. கொல்கத்தாவில் பிறந்து, ஷெஃபீல்டில் ஆராய்ச்சியாளராகப் பணியாற்றிய ராகுல் மண்டலின் சமையல் மேடையில், வெப்பம் தாங்காமல் ஒரு கண்ணாடி ஜாடி வெடித்துச் சிதறியது. சில்லுகளைச் சுத்தம் செய்ய ஆன நேரத்துக்கு ஈடாக அவருக்குப் பதினைந்து நிமிடம் கூடுதலாகத் தந்தார்கள், அவரே வென்றார். அது சரியா என்று பலர் வாதிட்டார்கள். என் பார்வையில் அந்த முடிவைவிட, ஜாடி உடைந்ததையும் கூடுதல் நேரம் கொடுத்ததையும் ஒளிக்காமல் ஒளிபரப்பியதுதான் முக்கியம். விவாதிக்க நமக்கு உண்மை கையில் கிடைத்தது.

போட்டியாளரின் மானத்தைக் காப்பதும் இந்த நிகழ்ச்சியின் தரத்தில் ஒரு பகுதி. முதல் பருவங்களின் தொகுப்பாளர்களான மெல் கெட்ராய்க்கும் சூ பெர்கின்ஸும், யாராவது உடைந்து அழத் தொடங்கினால் அவர் பக்கத்தில் போய் நின்று, ஒளிபரப்ப முடியாத வார்த்தைகளைப் பேசி, அந்தக் காட்சியைப் பயன்படுத்த முடியாமல் செய்துவிடுவார்கள் என்று பின்னர் சொல்லியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு அவர்கள்மீது பெரிய மரியாதை வந்தது. நம் ஊரில் ஒரு குழந்தை பாட வந்தால், அதன் வீட்டின் வறுமையை மெதுவான காட்சிகளாக்கி, தாயை மேடைக்கு அழைத்து அழவைத்து, பிறகுதான் பாடச் சொல்கிறோம். அந்தக் குழந்தையின் ‘காந்தாரம்’ என்ற சுரம் சரியாக விழுந்ததா என்று கேட்க அதன் பிறகு யாருக்கு மனம் வரும்? வறுமையைச் சொல்லக் கூடாது என்பதல்ல நான் சொல்வது. 2015இல் வென்ற நதியா உசைன், தமக்குத் திருமணத்தில் கேக் வெட்டும் வழக்கம் இருந்ததில்லை என்பதால், இறுதிச் சுற்றில் ஒரு திருமணக் கேக்கைச் செய்து, சேலைத் துணி சுற்றிய தாங்கிகளின்மேல் அதை நிறுத்தி, தம் கல்யாண நகைகளாலேயே அலங்கரித்தார். வங்கதேசக் குடும்பத்தில் பிறந்து லூட்டனில் வளர்ந்த ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதும் அந்த மேசையில் இருந்தது. அதைச் செய்துகாட்டியது அவருடைய கை; அலைவரிசை அதைப் பின்னணி இசையோடு சேர்த்து ஒட்டவில்லை.

நல்ல போட்டி என்றால் எல்லோரும் அன்பாக இருக்க வேண்டும் என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். சூழ்ச்சியே ஆட்டமாக இருக்கும் ‘சர்வைவர்’ நிகழ்ச்சியின் முதல் அமெரிக்கப் பருவத்தையும் நான் அதே மதிப்போடு நினைக்கிறேன். 2000ஆம் ஆண்டு, மலேசியாவின் சபா மாநிலத்தை ஒட்டிய புலாவ் தீகா தீவில் பதினாறு பேரை 39 நாட்கள் விட்டார்கள். பரிசு பத்து லட்சம் டாலர். ஒருவரையொருவர் வாக்களித்து வெளியேற்ற வேண்டும், ஆனால் கடைசி இருவரில் வெல்வது யார் என்பதைத் தீர்மானிப்பவர்களோ இறுதிக் கட்டத்தில் வெளியேற்றப்பட்ட ஏழு பேர். யாரை முதுகில் குத்தினீர்களோ அவரிடமே போய் வாக்குக் கேட்க வேண்டும். ரிச்சர்ட் ஹேட்ச் 4–3 என்ற கணக்கில் வென்றார். அங்கே பொய் சொல்வதும் ஆட்டத்தின் பகுதிதான். ஆனால் விதி எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும், ஒவ்வொரு வாக்குச் சீட்டையும் பிரித்துக் காட்டுகிறார்கள்.

நம் பாட்டுப் போட்டிகளைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. சமையலைச் சுவைக்க முடியாது, பாட்டையோ நாமே கேட்கலாம். அந்த வகையில் பாட்டுப் போட்டிக்கு இயல்பிலேயே பெரிய வசதி இருக்கிறது. விஜய் தொலைக்காட்சியின் சூப்பர் சிங்கர் 2006இல் தொடங்கியது முதல் எத்தனையோ வீடுகளில் இரவுச் சாப்பாட்டு நேரமே மாறிப்போனது. ஸ்ரீநிவாஸ், உன்னிகிருஷ்ணன், சுஜாதா போன்றோர் நடுவர் இருக்கையில் அமர்ந்திருந்த காலத்தில் எனக்குப் பிடித்த நேரம், முடிவு அறிவிக்கும் நேரமல்ல. ஒரு வரியில் சுருதி எங்கே இறங்கியது, ஒரு கமகம் எங்கே அவசரப்பட்டது என்பதை நடுவரே பாடிக்காட்டும் நேரம்தான். அந்த அரை நிமிடத்தில் வீட்டில் இருக்கும் எல்லோருடைய காதும் கொஞ்சம் கூர்மையாகும். பிறகு பொதுமக்கள் வாக்கு என்ற கட்டம் வந்ததும், பாட்டில் கேட்டதற்கும் முடிவில் வருவதற்கும் இருந்த தொடர்பு தளர்ந்துவிடுகிறது. மக்கள் தமக்குப் பிடித்தவருக்கு வாக்களிப்பதில் தவறில்லை. ஆனால் ஊர், மொழி, முகம், குடும்பக் கதை என்று பலவும் அந்த வாக்கில் கலந்துவிடுவதால், தோற்ற பிள்ளைக்கு எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்ல யாராலும் முடிவதில்லை.

பாட்டுப் போட்டியிலும் ஒரு டெக்னிக்கல் சுற்று வைக்கலாம். இறுதிப் போட்டியாளர்கள் அனைவருக்கும் அன்று காலையில் ஒரே பாடலைக் கொடுத்து, துணைக்குத் தம்புராவை மட்டும் வைத்து, ஒலியில் எந்தச் செப்பனிடலும் இல்லாமல், திரைக்குப் பின்னால் நிறுத்திப் பாடச் சொல்லலாம். நடுவர்கள் பெயருக்குப் பதிலாகத் தரப்பட்ட எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்திக் காரணத்தையும் சொன்ன பிறகு திரையை விலக்கலாம். நெதர்லாந்தில் 2010இல் தொடங்கிய ‘தி வாய்ஸ்’ நிகழ்ச்சியில் நடுவர்கள் முதுகைக் காட்டி அமர்ந்து குரலை மட்டுமே கேட்டுத் தேர்வு செய்வது உலகெங்கும் பரவிய ஏற்பாடுதான். ஆனால் அதை முதல் கட்டத்துடன் நிறுத்திவிடுகிறார்கள், முகம் தெரியாமல் கேட்பது மிகவும் அவசியமாகிற கடைசிச் சுற்றில் இருக்கைகள் மேடையைப் பார்த்தே இருக்கின்றன. தமிழில் யாராவது அந்த இருக்கைகளை இறுதிச் சுற்றில் திருப்பிப் போடத் துணிந்தால், ஒரு வாரம்கூடத் தவறாமல் நான் பார்ப்பேன்.