எல்பிஜி ஆம்னியைத் திரும்பப் பெட்ரோலுக்கு மாற்றிய அனுபவம்

கேஸில் ஓடுவதற்காக வண்டியில் மாட்டியிருந்த எல்பிஜி கிட்டைக் கழற்றுவது லேசான வேலை. வருஷக்கணக்காகத் தொடாமல் கிடந்த பெட்ரோல் பக்கத்துக்கு உயிர் கொடுப்பதும், ஆர்சியில் இருக்கும் ‘எல்பிஜி’யை எடுப்பதும்தான் என்னை ஒரு வழி பண்ணிவிட்டது. இதே யோசனையில் இருப்பவர்கள் டாங்கில் ஸ்பேனரை வைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

வண்டி 1998 மாடல் மாருதி ஆம்னி வேன், 796 சிசி, கார்புரேட்டர். குமரி மாவட்டத்தில் திங்கள்சந்தைக்கு ஏத்தங்குலை (நேந்திரன் வாழைக்குலை) கொண்டுபோவதில் தொடங்கி, கோயில் கொடைக்குக் குடும்பத்தோடு போவது வரை எல்லாவற்றுக்கும் எங்களுக்கு அதுதான். கேஸில் நன்றாகவே ஓடியது. ஆனால் வழக்கமாக அடிக்கிற பங்க்கில் ஆட்டோ எல்பிஜியை நிறுத்திவிட்டார்கள். டாங்குக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை செய்யவேண்டிய டெஸ்ட்டும் நெருங்கிவிட்டது. வீட்டு சிலிண்டரிலிருந்து ஏற்றித் தருகிறேன் என்று சொல்ல ஆள் உண்டு. அது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

டாங்கில் இருந்த கேஸை ஓட்டியே தீர்த்தோம். வண்டி நின்றுபோன பிறகும் உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கும். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். நாங்கள் போன ஒர்க்‌ஷாப்பிலோ பக்கத்திலேயே வெல்டிங் நடந்துகொண்டிருந்தது. “ஒண்ணும் ஆகாது சார்” என்றார்கள். வெளியே திறந்த இடத்துக்கு வண்டியைத் தள்ளின பிறகுதான் கைவைக்க விட்டேன். இதில் யார் முகத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேஸையும் காற்றையும் கலக்கும் மிக்சர், சுவிட்ச், பெட்ரோலை அடைக்கும் சொலினாய்டு எல்லாம் சிக்கல் இல்லாமல் வந்துவிட்டன. திரவ கேஸை ஆவியாக்கும் வேப்பரைசருக்குப் போன கூலன்ட் ஹோஸை மட்டும் துணியைத் திணித்துக் கட்டி விடப் பார்த்தார்கள். அதை முறையாக இணைத்து, கிளாம்ப் போட்டு, இன்ஜின் சூடாகும்வரை ஓடவிட்டு ஒழுகவில்லை என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

பெட்ரோலை ஊற்றி ஸ்டார்ட் செய்ததும்தான் நிஜமான தலைவலி ஆரம்பித்தது. ஆம்னிக்கு இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கி வைத்திருந்ததால் கண்ணில் பட்டது: கார்புரேட்டரின் விளிம்பிலிருந்து பெட்ரோல் சொட்டுச் சொட்டாக வழிந்து கீழே இறங்குகிறது. உடனே ஆஃப் செய்து பேட்டரி வயரையும் கழற்றினோம். சீட்டை மூடிவிட்டு ஓட்டிக்கொண்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அப்புறம் தக்கலையில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். கார்புரேட்டரைப் பிரித்து வைத்துவிட்டு, “அண்ணாச்சி, உள்ள பூரா பிசினா கெடக்கு பாத்தியளா? நீடில் எப்படி மூடும்?” என்றார். கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கிற ஊசிதான் நீடில். காய்ந்துபோன பழைய பெட்ரோல், ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் செம்மஞ்சள் நிறத்தில் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. பெட்ரோல் டாங்கைக் கழற்றிக் கவிழ்த்தால் துருப்பொடி. பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் விறைத்துப்போயிருந்தது. கார்புரேட்டருக்கு ரிப்பேர் கிட், புது டயாஃப்ரம், புது ஃபில்டர் எல்லாம் போட்டார். ரப்பர் ஹோஸ் முழுவதையும் மாற்றச் சொன்னவரும் அவர்தான். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது ஊறவைத்துக் கெடுத்துவிடும், தண்ணீரையும் இழுக்கும். இரண்டு பருவமழையும் கொட்டுகிற நம் ஊரில் டாங்க் மூடி வாஷர் வரைக்கும் பார்த்துவிடுவது நல்லது.

இதெல்லாம் முடிந்தும் குலசேகரம் தாண்டி ஏற்றத்தில் லோடோடு போனால் இன்ஜின் கடகடவென்று தட்டியது. எல்பிஜிக்கு ஆக்டேன் அதிகம் என்பதால், கிட் போட்டவர்கள் அன்றைக்கு டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தை, முன்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டரைப் பின்னுக்குத் திருப்பி, பிளக் இடைவெளியையும் சரிசெய்த பிறகு சத்தம் நின்றது. கழற்றின இடத்தில் இதை யாருமே சொல்லவில்லை. நீங்களே கேட்டுச் செய்யுங்கள்.

இனி ஆர்சி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆவது பிரிவின்படி வண்டியில் மாற்றம் செய்தால் ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவித்து ஆர்சியில் ஏற்ற வேண்டும். அரசின் பரிவாகன் இணையதளத்தில் ‘வாகன மாற்றம்’ விண்ணப்பத்தைப் போட்டுப் பணம் கட்டியது சுலபம். கவுன்டரில்தான் மாட்டிக்கொண்டேன். கழற்றியதற்கான கடிதத்தில் கிட் நம்பரும் டாங்க் நம்பரும் இருக்க வேண்டுமாம். என்னிடம் இருந்ததோ ‘கேஸ் கிட் கழற்றியது’ என்று ஒற்றை வரி எழுதிய பில். வேறென்ன வேண்டும் என்று கேட்டால், “முதல்ல இதக் கொண்டு வாங்க” என்பதற்கு மேல் பதில் இல்லை. அதைக் கொண்டுபோன பிறகு இன்சூரன்ஸ் நகல், அதற்கும் பிறகு புதுப் புகைச் சான்று. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். வேலைநாளில் லீவு போட்டுவிட்டு வருகிறவனை இப்படித் துண்டு துண்டாகத் திருப்பி அனுப்புவது நியாயமே இல்லை.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் டாங்க் ஏற்கெனவே கைமாறிவிட்டது, நம்பர் தெரியாது என்கிறார்கள். நல்லவேளை, முந்தைய டாங்க் டெஸ்ட் சான்றை அப்பா பழைய இன்சூரன்ஸ் தாள்களோடு பத்திரமாக வைத்திருந்தார். அதில் இரண்டு நம்பரும் இருந்தன. அதைக் காட்டி, அவர்களுடைய லெட்டர்ஹெட்டில் சீலோடு எழுதி வாங்கினேன். அந்தத் தாளை நீட்டியதும் கவுன்டரில் மறுபேச்சு இல்லை. ஆகவே டாங்கில் அடித்திருக்கும் தகட்டையும் வேப்பரைசர் நம்பரையும் கழற்றுவதற்கு முன்பே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடிதம் கைக்கு வராமல் பழைய சாமானை விட்டுவராதீர்கள்.

இன்ஸ்பெக்டர் டிக்கியைத் திறந்து பார்த்து, சேஸிஸ் நம்பரைச் சரிபார்த்து உடனே ஒப்புதல் கொடுத்துவிட்டார். இன்சூரன்ஸில் கேஸ் கிட்டுக்கென்று மூன்றாம் நபர் பிரீமியத்தில் சேர்க்கிற 60 ரூபாயையும் எடுக்கச் சொல்லுங்கள். தொகை சின்னதுதான், ஆனால் பாலிசி ஒன்று சொல்லி ஆர்சி வேறொன்று சொன்னால் கிளெய்ம் நேரத்தில் வம்பு.

தமிழ்நாட்டில் 2024லிருந்து ஆர்சி ஸ்பீடு போஸ்ட்டில்தான் வருகிறது, கையில் தருவதில்லை. முகவரியும் மொபைல் நம்பரும் சரியாக இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும்போதே பார்த்துவிடுங்கள். வந்ததும் எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குச் சரியாகவே வந்திருக்கிறது.