ஸ்காபரோவிலிருந்து லோங்கேய்க்கு: வீடு, காகிதங்கள், மகனின் பள்ளி

ஒன்ராறியோவை விட்டு கியூபெக் மாகாணத்து மொன்றியல் பக்கம் போகலாமா என்று யோசிக்கும் நம்மவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். என்னிடம் கேட்பவர்களின் முதல் கேள்வி வாடகை. அடுத்தது பிள்ளைகளின் பள்ளி. வாடகையைப் பற்றி யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம். பள்ளி விஷயத்தில்தான் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், பாதிக்கு மேல் பிழை. நாங்கள் அதைக் கடந்து வந்திருக்கிறோம் என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்தோம். என் கணவருக்கு லோங்கேயில், விமான உதிரிப்பாகம் செய்யும் ஓர் ஆலையில் வேலை கிடைத்தது. ஊரே அந்தத் தொழிலை நம்பி இருக்கிற ஊர். விமான எஞ்சின் செய்யும் பிராட் அண்ட் விட்னி கனடாவின் தலைமையகம் இங்கேதான். சென் உய்பேர் பகுதியில் விமான நிலையம் இருக்கிறது, கனடிய விண்வெளி முகமையும் அங்கேயே இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் சென் லோரன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் லோங்கேய், அந்தப் பக்கம் மொன்றியல் தீவு. 1657-இல் ஷார்ல் லு மொய்ன் என்பவருக்குக் கிடைத்த நிலமானியமாகத் தொடங்கி, இன்று இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரமாகிவிட்டது. ஸ்காபரோவிலிருந்து வருபவருக்கு முதலில் உறைப்பது ஒன்றுதான். இங்கே கடை, வங்கி, பஸ், பள்ளி, அயலவர் எல்லாமே பிரெஞ்சு. பக்கத்திலுள்ள புரோசார் அப்படியில்லை, அங்கே பல நாட்டவர் கலந்திருக்கிறார்கள். லோங்கேய்க்குள்ளேயே கிரீன்ஃபீல்ட் பார்க் இருமொழிப் பகுதி, ஆங்கிலமும் செல்லும். நாங்கள் வீடு எடுத்த பழைய லோங்கேயில் அப்படி எதிர்பார்க்க முடியாது.

வீட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கியூபெக்கில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூலை 1-இல் தொடங்கும். அன்று மாகாணமே வீடு மாறும். லொறி வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும். மூன்றரை, நான்கரை என்று வீட்டை எண்ணுவார்கள், அந்த அரை குளியலறை. ஒப்பந்தம் வீட்டு வாடகைத் தீர்ப்பாயத்தின் படிவத்தில்தான் இருக்க வேண்டும். கடந்த 12 மாதங்களில் அந்த வீட்டுக்கு வாங்கிய மிகக் குறைந்த வாடகையை உரிமையாளர் எழுதுவதற்கு அதில் ஒரு பகுதி உண்டு. அது வெறுமையாக இருந்தால் கேட்டு நிரப்பிவாங்குங்கள். முற்பணமாகக் காப்புத் தொகை கேட்க இங்கே சட்டத்தில் இடமில்லை. ஒரு வீட்டுக்காரர் எங்களிடம் கேட்டார், மறுத்துவிட்டு வேறு வீடு பார்த்தோம். இன்னொன்று, பல வீடுகளில் பிரிட்ஜும் அடுப்பும் இருக்காது. முந்தைய குடியிருப்பாளர் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். ஒன்ராறியோவில் இருந்து வருபவர்கள் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் திகைப்பது இங்கேதான்.

காரை இங்கே பதிய 90 நாள் அவகாசம். ஒன்ராறியோ லைசென்ஸைப் பரீட்சை இல்லாமல் மாற்றித் தருகிறார்கள். நம்பர் பிளேட் பின்பக்கம் மட்டும்தான். விபத்தில் உடலுக்கு ஏற்படும் காயத்துக்கான காப்புறுதியை 1978 முதல் மாகாண அரசே நடத்துகிறது. அதற்கான பணம் லைசென்ஸ், பிளேட் கட்டணத்துக்குள் அடங்கிவிடும். தனியார் நிறுவனத்திடம் சேதத்துக்கு மட்டும் எடுத்தால் போதும். ஸ்காபரோவில் கட்டிய தொகையை நினைத்தால் கண்ணைக் கட்டுகிறது. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். சுகாதார அட்டைக்கு வந்தவுடன் பதியுங்கள். மூன்றாவது மாதத் தொடக்கம்வரை ஒன்ராறியோ அட்டைதான் பொறுப்பு, ஆகவே பழையதை எறிந்துவிடாதீர்கள். வருட முடிவில் வருமான வரியை ஒட்டாவாவுக்கு ஒன்று, கியூபெக்குக்கு ஒன்று என்று இரண்டாகப் பதிய வேண்டும்.

இனி பள்ளி.

மகன் ஸ்காபரோவில் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தான். ஒன்ராறியோவின் ஆங்கிலப் பள்ளிகளில் பிரெஞ்சு நாலாம் வகுப்பில்தான் கட்டாயமாகிறது, அதனால் அவனுக்கு 'போன்ஷூர்' தவிர ஒன்றும் தெரியாது. கியூபெக்கில் 1977-இல் வந்த மொழிச் சட்டத்தின்படி பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். நம்மவர்கள் இதைக் கேட்டதும் 'அங்கே ஆங்கிலத்தில் படிக்கவே முடியாதாம்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படியல்ல. தாய் அல்லது தகப்பன் கனடியக் குடியுரிமை உள்ளவராக இருந்து, பிள்ளை கனடாவில் தன் ஆரம்பக் கல்வியின் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் படித்திருந்தால், அரசு மானியம் பெறும் ஆங்கிலப் பள்ளியில் சேர அவனுக்கு உரிமை உண்டு. அவனுடைய கூடப்பிறந்தவர்களுக்கும் உண்டு. பெற்றோரில் ஒருவர் கனடாவில் ஆரம்பக் கல்வியை ஆங்கிலத்தில் படித்திருந்தாலும் அப்படியே. நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்தில் தமிழில் படித்தவர்கள், அந்த வழி எங்களுக்கு இல்லை. ஆனால் குடியுரிமை இருந்தது, மகனின் மூன்று வருடப் படிப்பும் இருந்தது. நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ள குடும்பத்துக்கு இந்த வாய்ப்புக் கிடையாது. இந்த வித்தியாசத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

இந்த உரிமைக்கு ஒரு சான்றிதழ் இருக்கிறது. கல்வி அமைச்சு கொடுக்கும், ஆனால் விண்ணப்பத்தை ஆங்கிலப் பள்ளிச் சபை வழியாக அனுப்பலாம். எங்கள் கரையில் அது ரிவர்சைட் பள்ளிச் சபை. பிள்ளையை அங்கே சேர்க்காவிட்டாலும் சான்றிதழுக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம். பெற்றோர் பெயருடன் கூடிய பிறப்புச் சான்றிதழ், நம்முடைய குடியுரிமைச் சான்று, இங்கே வசிப்பதற்கான ஆதாரம், பழைய பள்ளி தரும் கடிதம் ஆகியவை வேண்டும். அந்தக் கடிதத்தில் எந்த வகுப்பு, எந்த வருடம், எந்த மொழியில் என்பது வகுப்பு வகுப்பாக இருக்க வேண்டும். 'இவர் எங்கள் மாணவர்' என்று ஒற்றை வரியில் வரும் கடிதம் திரும்பி வரும். பள்ளி விடுமுறைக்கு மூடும் முன், ஜூன் மாதமே ஸ்காபரோவில் வாங்கிவிடுங்கள். ஜூலையில் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்க ஆள் இருக்காது.

சரி, சான்றிதழ் கைக்கு வந்தது. பிறகும் நாங்கள் மகனைப் பிரெஞ்சுப் பள்ளியில்தான் போட்டோம். சொந்தக்காரர் பலருக்கு இது விளங்கவில்லை. "கிடைச்ச உரிமையை ஏன் பிள்ளை விடுறியள்?" என்று மாமி ரொறன்ரோவிலிருந்து தினமும் கேட்டார். உரிமையை நாங்கள் விடவில்லை. உரிமை உண்டு என்று சான்றிதழ் பெற்ற பிள்ளை பிரெஞ்சில் படித்தாலும் உரிமை அவனிடமே இருக்கும், நாளைக்கு அவன் பிள்ளைகளுக்கும் போகும். 2022-இல் வந்த புதிய மொழிச் சட்டத்துக்குப் பிறகு பள்ளி முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு முன் போகும் ஆங்கில சேஜெப் கல்லூரிகளில் இடங்கள் மட்டுப்படுத்தப்பட்டுவிட்டன, அங்கேயும் இந்தச் சான்றிதழ் உள்ளவருக்கு முன்னுரிமை. ஆனால் விண்ணப்பத்தைப் பிந்தவிடக் கூடாது. பிரெஞ்சில் படித்த வருடங்கள் கூடக்கூட, 'பெரும்பகுதி ஆங்கிலத்தில்' என்று காட்டுவது கடினமாகிவிடும்.

இந்த முடிவுக்கு என்னிடம் இருந்த காரணம் எளியது. எங்கள் தெருவில் அவன் வயதுப் பிள்ளைகள் அத்தனை பேரும் பிரெஞ்சில் விளையாடினார்கள். ஆங்கிலப் பள்ளிக்குப் பஸ்ஸில் போய் வந்தால், மாலையில் அந்தத் தெருவில் அவன் வெளியாள். ஆங்கிலம் அவனை விட்டுப் போகாது. தொலைக்காட்சியிலும் விளையாட்டிலும் ரொறன்ரோ மச்சான்மாரிடமும் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. பிரெஞ்சை ஒன்பது வயதில் பிடிப்பது போல் பத்தொன்பதில் பிடிக்க முடியாது.

பதிவு செய்ய, வீடு இருக்கும் பகுதியின் பிரெஞ்சுப் பள்ளிகளை நடத்தும் பள்ளிச் சேவை மையத்துக்குப் போனோம். எங்களுக்கு அது மரி விக்டோரன். பிறப்புச் சான்றிதழ், வீட்டு ஒப்பந்தம், கூடவே முகவரிக்கான இன்னொரு ஆதாரம் கேட்டார்கள். மின்சாரக் கட்டணச் சீட்டு போதும். பிரெஞ்சு எவ்வளவு வரும் என்று மகனிடம் சிறிது நேரம் பேசிப் பார்த்தார்கள். அப்படி மொழி தெரியாமல் வரும் பிள்ளைகளுக்கென்று 'கிளாஸ் தக்கேய்' என்ற வரவேற்பு வகுப்பு இருக்கிறது. எல்லாப் பள்ளியிலும் அது இருக்காது. எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியில் இல்லை, மஞ்சள் பஸ்ஸில் வேறொரு பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. குடிவரவு நிலை எதுவாக இருந்தாலும், இங்கே வசிக்கும் பிள்ளைக்குப் பள்ளி இலவசம் என்று 2017-இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அகதிக் கோரிக்கையோடு இருக்கும் குடும்பங்கள் இதைத் தெரியாமல் தயங்க வேண்டாம்.

ஆகஸ்டில் பொருட்பட்டியல் ஒன்று வந்தது. அதைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். இத்தனை 'காயே கனடா', அதாவது மெல்லிய அட்டைக் கொப்பிகள், 32 பக்கம். டுவோ-டாங் கோப்புகள் சிவப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, பச்சையில் ஒன்று என்று நிறத்தோடு எழுதியிருந்தது. பென்சில்கள் சீவியபடி இருக்க வேண்டும், ஒவ்வொரு பென்சிலிலும் பெயர். நிறப் பென்சில்கள் உட்பட. பள்ளிக்குள்ளே போட வேறு சப்பாத்து. ஒரு இரவு முழுக்க நானும் அவனும் சாப்பாட்டு மேசையில் இருந்து சின்னச் சின்னத் தாளில் பெயர் எழுதி ஒட்டினோம். முதல் நாள் ஆசிரியை அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்து, பெருவிரலைக் காட்டிச் சிரித்தார். எங்கள் இருவருக்கும் விளங்கிய முதல் பாராட்டு அது.

வகுப்பில் உக்ரேன், கொலம்பியா, ஆப்கானிஸ்தான் என்று பல நாட்டுப் பிள்ளைகள், வயதும் ஒன்றல்ல. ஒருவருக்கும் மற்றவர் மொழி தெரியாது, அதனால் உடைந்த பிரெஞ்சுதான் அவர்களுக்குப் பொது மொழி. ஆசிரியை எல்லாவற்றையும் படத்தாலும் கையாலும் காட்டுவார். கணக்கில் மகன் முன்னால் நின்றான், அது அவனுக்குத் தெம்பு. ஆனாலும் மழைக்காலமும் முன்பனியும் முடியும்வரை பள்ளியில் அவன் வாய் திறக்கவே இல்லை. வீட்டில் அழவும் இல்லை, பேசாமல் வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படுப்பான். பார்த்துக்கொண்டிருப்பது சுலபமில்லை. சான்றிதழ் அலுமாரிக்குள்தானே இருக்கிறது, எடுத்து ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்று கணவரும் நானும் பலமுறை கதைத்தோம். வகுப்பில் பிள்ளை மௌனமாகக் கேட்டுக்கொண்டிருப்பது வழக்கமான கட்டம் என்று ஆசிரியை எழுதித் தந்ததைத் தமிழாக்கிப் பார்த்துப் பொறுத்துக்கொண்டோம். உங்கள் பிள்ளைக்கும் இந்தக் காலம் வரும். அதை முன்கூட்டியே எதிர்பார்த்திருங்கள்.

அவன் வாய் திறந்தது பள்ளியில் அல்ல, மேல்மாடி மதாமிடம். அவர் எண்பது கடந்தவர். 1969-இல் லோங்கேயோடு இணைக்கப்பட்ட வில் ஷாக் கார்த்தியே என்ற ஊரில் வளர்ந்தவர். அங்கே அந்தக் காலத்தில் குழாய்த் தண்ணீர் இல்லாத தெருக்கள் இருந்தன, தொழிலாளர்கள் கிடைத்த பலகையை வைத்துத் தாங்களே வீடு கட்டினார்கள். தன் அப்பாவும் அப்படிக் கட்டியவர் என்று எனக்குப் பிறகு சொன்னார். ஒரு ஞாயிறு நாங்கள் மிஷெல் ஷார்த்ரான் பூங்காவுக்குப் போய்த் திரும்பும்போது, படியில் நின்று மான்களைப் பார்த்தாயா என்று மகனிடம் கேட்டார். அந்தப் பூங்காவின் வெண்வால் மான்கள் பெருகியிருந்தன, அவற்றைக் குறைக்க வேண்டும் என்று 2020-இல் நகரசபை எடுத்த முடிவு வழக்குவரை போனது. ஊரில் அதைப் பற்றிக் கருத்து இல்லாதவரே இல்லை. மகன் எத்தனை மான், எங்கே நின்றது, பனியில் என்ன தின்றது என்று நிறுத்தாமல் பிரெஞ்சில் சொன்னான். இலக்கணம் எப்படி இருந்ததோ தெரியாது. மதாமுக்கு விளங்கியது. நான்தான் ஒன்றும் விளங்காமல் பக்கத்தில் நின்றேன்.

அடுத்த வாரமே 'பிரான்சிசாசியோன் கெபெக்'கில் எனக்குப் பதிந்தேன். 2023 ஜூன் முதல் பெரியவர்களின் பிரெஞ்சு வகுப்புகளுக்கெல்லாம் இந்த ஒரே வாசல்தான். கட்டணம் இல்லை. புதிதாக நாட்டுக்கு வந்தவர்களுக்கு மட்டும் என்றில்லை, எங்களைப் போல் வேறு மாகாணத்திலிருந்து வந்த குடிமக்களும் சேரலாம். முழுநேரம், பகுதிநேரம், மாலை, இணையவழி என்று பல வகை. இடம் கிடைப்பதுதான் பாடு. 2024-இல் பணம் போதவில்லை என்று பல பள்ளிச் சேவை மையங்கள் வகுப்புகளை மூடிவிட்டன, அப்போது காத்திருந்தவர்கள் மிகவும் கஷ்டப்பட்டார்கள். பதியும்போது ஒரே வகையை மட்டும் குறிக்காமல், இணையவழி வகுப்பையும் சேர்த்துக் குறியுங்கள். எனக்கு இடம் கிடைத்தது அதில்தான். கணவரின் வேலைத்தலத்திலேயே வகுப்பு நடத்தவும் இதே திட்டத்தில் வழி இருக்கிறது, முதலாளி விண்ணப்பிக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள்.

அரைகுறைப் பிரெஞ்சில் தொடங்கினாலே கடை, அலுவலகம் எல்லாவற்றிலும் ஆட்களின் முகம் மாறுகிறது. நீங்கள் திணறும்போது அவர்களே ஆங்கிலத்தில் உதவுவார்கள். நேரே ஆங்கிலத்தில் தொடங்கினால் அந்த இளக்கம் அவ்வளவாக இருக்காது. இதைக் கோபத்தோடு சொல்லும் நம்மவர்களை எனக்குத் தெரியும். தங்கள் மொழிக்காக இவர்கள் படும் பதற்றம், தமிழருக்கு விளங்காத ஒன்றல்ல என்றே நான் நினைக்கிறேன்.

நம்முடைய மரக்கறிக்கும் மீனுக்கும் மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிக்குப் போக வேண்டும். லோங்கேய் மெற்றோ மஞ்சள் பாதையின் கடைசி நிலையம், 1967 உலகக் கண்காட்சிக் காலத்தில் ஆற்றுக்கு அடியால் போட்டது. மொன்றியல் நகர நடுவிலுள்ள பெரி நிலையத்துக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. மொன்றியலுக்குள் மட்டும் செல்லும் 'ஏ' வலய டிக்கெட் இங்கே செல்லாது, 'ஏபி' டிக்கெட் வேண்டும்.

மகன் இப்போது எங்கள் தெருவுக்கு அருகிலுள்ள வழமையான பள்ளியில், அவன் வயது வகுப்பில் படிக்கிறான். சின்னவளுக்கு அடுத்த செப்டெம்பரில் மழலையர் வகுப்பு. அதற்கான பதிவு குளிர்காலத்திலேயே, பெரும்பாலும் ஜனவரி, பெப்ரவரியில் நடக்கும். அதே பள்ளியில் பதிந்துவிட்டோம். அண்ணனின் படிப்பைக் காட்டி அவளுக்கும் ஆங்கிலச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். ஸ்காபரோப் பள்ளிக் கடிதத்தின் மூலப் பிரதி அதற்கும் வேண்டும், ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.